விலகுகிறேன் என்று எழுதிக் கொடுக்க முன்

கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் திருத்துநர் நீண்ட கடிதமொன்று எழுதியிருக்கிறார். ஊர், கடை, ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 54 வயது. 16 வயதில் ஒரு கராஜில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகினார். பொருளாதாரத் தடைக் காலத்தில், சூப்பிப் போத்தலால் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் பீச்சி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய எம்.டி. 90 மோட்டார் சைக்கிள்களைத் திருத்தியே வளர்ந்தவர். 1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மல்லாவியில் ஒரு தறப்பாளின் கீழ் கடை போட்டார். 2009இல் கருவிப் பெட்டி, கொப்பிகள், சான்றிதழ் என்று இருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் செட்டிகுளம் முகாமுக்குப் போனார். மீள்குடியேறிய பின், 2011இல் ஏ-9 வீதியிலுள்ள ஒரு மோட்டார் சைக்கிள் விற்பனை நிலையத்தின் சேவைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். 14 வருடமாக அங்கே தலைமை மெக்கானிக். முப்பதுக்கும் மேற்பட்ட பொடியன்கள் அவரிடம் தொழில் பழகிப் போயிருக்கிறார்கள். சிலர் சொந்தக் கடை வைத்திருக்கிறார்கள், சிலர் கட்டாரில் நிற்கிறார்கள். எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பழைய முதலாளி நோயில் விழ, மகன் பொறுப்பெடுத்தார். "இனி எல்லாம் கம்பியூட்டர் வைச்சுப் பார்க்கிற பைக். நீங்கள் ஓய்வெடுங்கோ" என்று சொல்லி, ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்த ஒரு கடிதத்தை நீட்டியிருக்கிறார். மகள் வாசித்துச் சொன்ன பிறகுதான் இவருக்கு விஷயம் விளங்கியது. 'சுயவிருப்பில் விலகுகிறேன், வர வேண்டிய எல்லாம் வந்துவிட்டது, மூன்று வருடத்துக்கு இந்த மாவட்டத்தில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை போடமாட்டேன்' என்று அதில் இருக்கிறது. கையெழுத்து வைத்தால் இரண்டு லட்சம் ரூபா. முதல் ஆறு வருடம் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டவில்லை. கேட்டதற்கு "அது பழகுற காலம், அதோட உங்களுக்கு வேலைக் கணக்கிலதானே காசு" என்றார்களாம். மனம் வெறுத்து இரண்டு கிழமையாக வீட்டில் நிற்கிறார்.

இதற்கிடையே ஒரு தொழிற்பயிற்சி நிலையம் இவரைப் படிப்பிக்கக் கூப்பிட்டிருக்கிறது. ஆனால் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் கேட்கிறார்களாம். சொந்தமாகக் கடை போட்டால் சேர்ந்துகொள்ள 15 வயதில் இரண்டு பொடியன்கள் காத்திருக்கிறார்களாம். கடைசியில் கேட்கிறார்: "நியமனக் கடிதம் இல்லை. சண்டையில் எல்லாப் பேப்பரும் போய்விட்டது. சின்னக் கடை. முகாமால் வெளியே வந்தபோது வேலை தந்த மனிசன். வழக்கென்று போனால் துரோகமாகாதா? கையெழுத்து வைத்துவிட்டு ஒதுங்கிவிடவா?"

அண்ணை, கையெழுத்து வைக்க வேண்டாம். மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம். ஆனால் அதற்கும் முதல் செய்ய வேண்டிய அவசர வேலை ஒன்று இருக்கிறது.

நாளைக்கே வேலைக்குப் போங்கள்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயம் தந்தது அந்த ஆங்கிலக் கடிதமல்ல, இரண்டு கிழமை வீட்டில் நிற்கிறேன் என்ற ஒரு வரிதான். கோபத்தில் வீட்டில் நிற்பவரைச் சட்டம் கோபத்தில் நிற்பவராகப் பார்க்காது. 'அறிவிக்காமல் வேலையைக் கைவிட்டுப் போய்விட்டார்' என்று மறுபக்கம் எழுதிக்கொள்ள அது நல்ல வசதி. அப்படி எழுதிவிட்டால் நீக்கினார்களா, நீங்களே போனீர்களா என்று நிரூபிப்பதிலேயே பாதி வழக்கு போய்விடும்.

ஆகவே காலையில் வழக்கமான நேரத்துக்குப் போய் நில்லுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: விலகல் கடிதம் தந்ததால் யோசிக்க அவகாசம் தேவைப்பட்டது, விலகும் எண்ணம் இல்லை. இதையே இரண்டு வரியில் தமிழில் எழுதிப் பதிவுத் தபாலில் கடை முகவரிக்கு அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். (இந்த இடத்தில் நம்மவர்கள் தெரிந்த டொக்டரிடம் பின்திகதியிட்ட மருத்துவச் சான்றிதழ் எடுக்க ஓடுவார்கள். வேண்டாம். ஒரு பொய் அகப்பட்டால் 14 வருட உண்மையும் அதோடு சேர்ந்து அடிபடும்.)

உள்ளே விடாவிட்டால் வாசலில் சத்தம் போடாதீர்கள். அன்றைக்கே பொலிஸ் நிலையத்தில் ஒரு பதிவு போட்டுவிட்டு மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம்தான் அவகாசம். 'கோயில் திருவிழா முடியட்டும், மகளின் பரீட்சை முடியட்டும்' என்று தள்ளிப்போட்டு அந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டவர்களை நான் அடிக்கடி காண்கிறேன்.

கடை சின்னக் கடைதானா?

"நாங்கள் ஒன்பது பேர்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், புதுக்குடியிருப்பில் ஒரு கிளை இருப்பதாகவும், அங்கே புது ஆள் வந்தால் நீங்கள்தான் போய்ப் பழக்கிக் கொடுப்பதாகவும் சொல்கிறீர்கள். நீங்கள் எண்ணியது சேவைப் பகுதியில் ஒயில் கையோடு நிற்பவர்களை மட்டும். முன்னால் பைக் விற்கும் பிள்ளைகள், காசாளர், லீசிங் பேப்பர் பார்ப்பவர், உதிரிப்பாகக் கவுண்டரில் நிற்பவர், புதுக்குடியிருப்புக் கிளையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் சம்பளம் கொடுப்பது ஒரே முதலாளியா? அப்படியானால் எல்லோரையும் சேர்த்து எண்ண வேண்டும். சட்டம் பார்ப்பது ஒரு முதலாளியிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதைத்தான். எந்தக் கூரைக்குக் கீழே என்பது பொருட்டில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், 15 என்ற எண் உங்கள் விஷயத்தில் ஒரு எல்லைக்கோடு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, கடந்த 12 மாதத்தில் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருந்த முதலாளி, ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். உங்கள் நிரந்தரச் சம்பளம் 45,000 ரூபா என்று எழுதியிருக்கிறீர்கள். அரை மாதம் 22,500. 14 வருடத்துக்கு 3,15,000 ரூபா. இந்த ஒன்றே அவர் நீட்டும் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நீங்களாக விலகினாலும் இது உங்களுக்கு உரியது.

அடுத்தது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். வேலையாளின் சேவையை முடிவுறுத்துவது பற்றிய சட்டம் அது. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் ஒன்று அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். 'சுயவிருப்பில் விலகுகிறேன்' என்ற வரி எதற்கு வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும். அந்தச் சம்மதத்தைத்தான் இரண்டு லட்சத்துக்கு வாங்கப் பார்க்கிறார்கள். இந்தச் சட்டமும் சராசரியாக 15 பேருக்குக் குறைந்த இடங்களுக்குப் பொருந்தாது. பொருந்துமானால், ஆணையாளர் நட்டஈடு கணக்கிடும் சூத்திரம் ஒன்று இருக்கிறது: முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறாவதிலிருந்து பதினாலாவது வருடம் வரை வருடத்துக்கு இரண்டு மாதம். உங்கள் 14 வருடத்துக்கு முப்பதரை மாதம் வரும். 45,000 ஆல் பெருக்கிப் பாருங்கள், 13,72,500 ரூபா. இது கட்டாயம் கைக்கு வரும் என்று நான் சொல்லவில்லை. ஆள் எண்ணிக்கை, நீங்கள் போனது எப்படி என்பதெல்லாம் சரியாக நிறுவப்பட வேண்டும். ஆனால் பேசப் போகும்போது எந்தத் தொகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

எண்ணிப் பார்த்து 15 வரவில்லை என்றால்? அப்போதும் கை விரிக்க வேண்டியதில்லை. 15 பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்தவர் பணிக்கொடை கேட்டுத் தொழில் நியாய சபைக்குப் போகலாம் என்று கைத்தொழில் பிணக்குகள் சட்டமே சொல்கிறது. அங்கே இவ்வளவு என்று நிர்ணயமான சூத்திரம் இல்லை, நியாயமானதைச் சபை தீர்மானிக்கும். அநியாயமாக நிறுத்தினார்கள் என்றால் அதற்கும் அங்கேயே பரிகாரம் கேட்கலாம். சின்னக் கடை என்றால் உரிமையே இல்லை என்று உங்களுக்கு யாரோ சொன்னது பிழை.

ஈ.பி.எஃப்.இல் 'பழகுற காலம்' என்று ஒன்று இல்லை

இதில் எண்ணிக்கைக் கதையே கிடையாது. ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும். முதலாளி 12 வீதம், உங்கள் சம்பளத்தில் கழிப்பது 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தன் கையால் இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். நிரந்தரம், தற்காலிகம், பயிலுநர், வேலைக் கணக்கில் காசு வாங்குபவர் என்ற வேறுபாடில்லாமல் எல்லோரும் இதற்குள் வருவார்கள். 'ஒரு என்ஜின் இறக்கினால் இவ்வளவு' என்று வாங்கிய காசும் உழைப்பாகத்தான் கணக்கு.

முதல் ஆறு வருடத்தில் உங்கள் சம்பளம் மாதம் 18,000 அளவில் இருந்தது என்கிறீர்கள். வேலைக் கணக்குக் காசைச் சேர்க்காமலே பார்ப்போம். 20 வீதம் மாதத்துக்கு 3,600. 72 மாதத்துக்கு 2,59,200. நம்பிக்கை நிதியத்துக்கு மாதம் 540 படி 38,880. மொத்தம் 2,98,080 ரூபா. பிந்திக் கட்டுவதற்கான மேலதிகக் கட்டணம் வேறு, ஈ.பி.எஃப்.க்கு அது பிந்திய காலத்தைப் பொறுத்து 5 முதல் 50 வீதம் வரை ஏறும். "உங்கட 8 வீதத்தை நீங்கள் இப்ப தாங்கோ" என்று உங்களிடம் கேட்க முடியாது. அந்தந்த மாதம் கழிக்காமல் விட்டது முதலாளியின் பொறுப்பு.

முறைப்பாடு செய்ய மாவட்டத் தொழில் அலுவலகம் போதும். கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. அவர்கள் முதலாளியை அழைத்து விசாரித்துக் கணக்குப் போடுவார்கள். கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றம் வழியாக அறவிடும் அதிகாரமும் திணைக்களத்துக்கு இருக்கிறது. உங்களுக்கு 55 வயது நிறைய இன்னும் சில மாதம்தானே. அந்த வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம் என்பதால், பழைய ஆறு வருடத்தையும் அதற்குள் கணக்கில் ஏற்றுவிப்பது நல்லது.

பேப்பர் இல்லை என்ற கவலை

இங்கே நீங்கள் இரண்டு காலத்தை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். 2009இல் தொலைந்தது அதற்கு முந்திய வாழ்க்கையின் பேப்பர். இந்த முதலாளியோடு உள்ள கணக்கு 2011இல் தொடங்குகிறது. அதற்குப் போரில் தொலைந்த எதுவும் தேவையில்லை. நியமனக் கடிதம் தராதது அவருடைய குறை, உங்களுடையதல்ல. வாய்ப்பேச்சில் தொடங்கிய வேலையும் வேலைதான்.

உங்களிடம் சான்று இருக்கிறது, அதைச் சான்று என்று நீங்கள் நினைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் திருத்திய பைக்கின் இலக்கம், செய்த வேலை, உங்கள் பங்கு எல்லாவற்றையும் மொனிட்டர் கொப்பியில் எழுதி வைப்பதாக ஓர் இடத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். 2012இலிருந்து 11 கொப்பி இருக்கிறதாம். அண்ணை, ஒயில் விரலடையாளத்தோடு, பல நிறப் பேனையில், திகதி வாரியாக, 'என்.பி.' என்று தொடங்கும் இலக்கங்களோடு இருக்கும் அந்தக் கொப்பிகளை வழக்குக்காக உட்கார்ந்து எழுதியது என்று எந்தச் சட்டத்தரணியாலும் சொல்ல முடியாது. அவற்றைக் கடை லாச்சியில் வைத்திருந்தால் நாளைக்கே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் கொப்பி உங்கள் சொத்து. கடையின் பில் புத்தகம், கணினிப் பதிவு எதையும் தொடாதீர்கள், அதை எடுத்தால் களவென்று வந்துவிடும்.

அதோடு வட்ஸ்அப்பில் முதலாளி அனுப்பிய 'நாளைக்கு நேரத்தோடு வாங்கோ', 'அந்தப் பல்சரை முதல் முடியுங்கோ' போன்ற செய்திகள், கொழும்பில் கம்பனிப் பயிற்சிக்கு அனுப்பியபோது எடுத்த படம், தந்த சான்றிதழ், சம்பளம் வங்கியில் விழுந்த காலத்துக் கூற்றுகள் எல்லாவற்றையும் சேருங்கள். உங்களிடம் பழகிய பொடியன்களில் நாலைந்து பேர் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை உங்களோடு அங்கே வேலை செய்தார்கள் என்று சத்தியக் கடதாசி தந்தால் போதும். கட்டாரில் இருப்பவர் அங்குள்ள நம் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பலாம்.

இன்னொரு சின்ன விஷயம், உங்கள் சொந்த ஆயுதங்கள். கடைக்குள் நீங்கள் வாங்கிய ஸ்பானர் செட், புல்லர், வால்வ் லாப்பிங் தடி என்று எவ்வளவு இருக்கும்! பட்டியல் எழுதிப் படம் எடுத்து வையுங்கள். பிரியும்போது இதில்தான் பெரிய மனஸ்தாபம் வரும்.

மூன்று வருடம் கடை போடக்கூடாதாமே

இப்படியொரு கட்டுப்பாடு நியாயமான அளவில் இருந்தால்தான் நீதிமன்றம் மதிக்கும். 54 வயதில் வேறு தொழில் தெரியாத ஒருவரை ஒரு மாவட்டம் முழுக்க மூன்று வருடம் தடுப்பது நியாயமென்று வாதாடுவது கஷ்டம். ஆனால் அந்த நம்பிக்கையில் கையெழுத்து வைத்துவிடாதீர்கள். வைத்தால், கடை திறக்கும் நாளில் தடையுத்தரவு கேட்டு யாராவது வந்து நிற்கலாம், வெல்கிறீர்களோ இல்லையோ செலவு உங்களுக்கு. எந்த உடன்படிக்கையிலும் இந்த வரி இருக்கக்கூடாது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தொகையில் வேண்டுமானால் கொஞ்சம் இறங்கிப் போகலாம்.

துரோகமா என்று கேட்டீர்கள்

முகாமிலிருந்து வந்தவர்களைச் சந்தேகத்தோடு பார்த்த காலத்தில் அந்தப் பெரியவர் உங்களுக்கு வேலை தந்தார். அது உண்மையான உதவி, மறக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உதவிக்கும் கட்டாமல் விட்ட ஈ.பி.எஃப்.க்கும் தொடர்பில்லை. மீள்குடியேறிய சனம் லீசிங்கில் பைக் எடுத்துக் குவித்த வருடங்களில் ஆறு நாளும் காலையிலிருந்து இருட்டும் வரை நின்று அந்தச் சேவைப் பகுதியை ஓடவைத்தவர் நீங்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு விற்கப் புதுப் பைக் இல்லாமல் முன்பக்கம் வெறிச்சோடியபோது, பழைய பைக்குகளைத் திருத்திய வருமானத்தில்தான் கடை நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என்னைக் கேட்டால் முதலில் வழக்கு வேண்டாம். பழைய முதலாளியைப் போய்ப் பாருங்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவராகவே போங்கள், அந்த முதல் நாளில் காசுப் பேச்சு எடுக்காதீர்கள். பிறகொரு நாள் அவரும் மகனும் இருக்கும்போது, மேலே நான் போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் வையுங்கள். 'ஐயா, நான் இன்னும் வேலை செய்ய ஆயத்தம். நிறுத்துவதென்றால் இந்தக் கணக்கைத் தீர்த்துவிடுங்கோ' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. மகனுக்குச் சட்டம் தெரியாமலும் இருக்கலாம், யாரோ ஒரு கணக்காளர் அடித்துக் கொடுத்த கடிதமாகவும் இருக்கலாம். நேரில் பேசித் தீர்ந்தால் அதைத் தொழில் அலுவலகத்தில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். தீராவிட்டால் முறைப்பாடு. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

பேசும்போது காசோடு சேர்த்து ஒரு சேவைச் சான்றிதழும் கேளுங்கள்: எந்த வருடத்திலிருந்து, என்ன பதவியில், எத்தனை பேரைப் பழக்கினீர்கள் என்று. அது அடுத்த விஷயத்துக்குத் தேவை.

என்.வி.கியூ.க்குத் திரும்பப் பள்ளிக்கூடம் போக வேண்டுமா?

வேண்டாம். ஓ.எல். சித்தியும் வேண்டாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு வழி இருக்கிறது, ஆர்.பி.எல். என்று சொன்னால் நைட்டா (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை) அலுவலகத்தில் உடனே விளங்கும். தொழிலில் ஏற்கெனவே தேர்ந்தவரை வகுப்பில் இருத்தாமல் நேரே மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறை. விண்ணப்பத்தோடு உங்கள் அனுபவத்துக்கான ஆதாரங்களைக் கோவையாகக் கொடுக்க வேண்டும். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவான மதிப்பீட்டாளர் கேள்வி கேட்டு, செய்முறையும் பார்ப்பார். தமிழிலேயே பதில் சொல்லலாம். மல்லாவித் தறப்பாள் காலத்துக்கும் இங்கேதான் மதிப்பு. பேப்பர் இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் உங்களிடம் பழகியவர்களின் எழுத்தும் கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தலும் கோவைக்குப் பலம் சேர்க்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "சத்தத்தைக் கேட்டே தப்பட் செட் பண்ணுவேன்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். மதிப்பீட்டாளர் அதற்குப் புள்ளி போடமாட்டார். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைச் செருகி, வந்த அளவைச் சொல்லி, புத்தகத்திலுள்ள அளவோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். போல்ட்டைக் கை உணர்வில் இறுக்காமல் டோர்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். பாட்டாச் செருப்போடு போகாதீர்கள், சப்பாத்து வேண்டும். பற்றரி கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றுகிறீர்களா என்று பார்ப்பார்கள். எஃப்.ஐ. (காபரேற்றர் இல்லாத) பைக், ஏ.பி.எஸ். பிரேக் பற்றிக் கேள்வி வரும். இதில் முதலாளியின் மகன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, கோபிக்க வேண்டாம். பைக்கின் கோளாறைக் கண்டுபிடிக்கும் ஸ்கானர் பழகிய உங்கள் பழைய மாணவன் ஒருவனிடம் சில ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். மாஸ்டர் வந்து கேட்டால் எந்தப் பொடியன் மாட்டேன் என்பான்? ஏதாவது பகுதியில் குறைந்தால் அந்தப் பகுதியை மட்டும் பழகித் திரும்ப மதிப்பீட்டுக்கு வரலாம்.

நீங்கள் கேட்க வேண்டியது நான்காம் மட்டம், ஒருவர் தனித்து நின்று முழு வேலையையும் செய்யக்கூடியவர் என்பதற்கான மட்டம் அது. பயிற்சி நிலையத்திடம் இன்னும் இரண்டு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: இந்த மட்டம் அவர்களுக்குப் போதுமா, தரப்போவது மாதச் சம்பள வேலையா, அல்லது மணித்தியாலக் கணக்கில் வருகைதரு போதனாசிரியர் வேலையா? இரண்டாவது என்றால் பாடநெறி இல்லாத மாதங்களில் வருமானம் இருக்காது. 'வாங்கோ மாஸ்டர், பார்ப்பம்' என்ற வாய்ச்சொல்லை நம்பி இருக்கிற வேலையை விடாதீர்கள்.

அந்த இரண்டு பொடியன்கள்

"தாய் தகப்பனே கூட்டிவந்து விட்டார்கள், அதனால் பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பிரச்சினை இருக்கிறது. 2021இல் திருத்திய சட்டப்படி வேலைக்குச் சேர்க்கக்கூடிய குறைந்த வயது 16. பெற்றோரின் சம்மதத்தால் அது மாறாது. 16 ஆன பிறகும் 18 வரை ஆபத்தான வேலைகளில் விடமுடியாது. நீங்கள் 16இல் தொடங்கினீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பிரேக் தூசியை வாயால் ஊதித் துடைத்ததும், பெற்றோலில் கை கழுவியதும் உங்களுக்குத் தெரியும்.

அவர்களை இப்போதைக்குப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவையுங்கள். வயது வந்ததும் நைட்டா மூலம் பயிலுநர் ஒப்பந்தம் எழுதி உங்களிடமே எடுத்தால், உங்களிடம் பழகிய காலத்துக்கும் அவர்கள் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். நன்றாகப் படிக்கிறவன் என்றால், அறிவியல் நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிக்க வழி காட்டலாம். கடை போடுவதென்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு எடுங்கள். பிரதேச சபையில் அனுமதி கேட்கும்போது கழிவு ஒயிலை எங்கே விடப்போகிறீர்கள் என்று கேட்பார்கள், அதற்கு ஒரு ஒழுங்கு செய்துகொண்டு போங்கள். முதல் ஆளைச் சேர்க்கும் மாதத்திலிருந்தே அவனுக்கு ஈ.பி.எஃப். கட்டத் தொடங்குங்கள். ஏனென்றால் அன்றிலிருந்து முதலாளி நீங்கள்தான்.

தொழில் அலுவலகத்துக்குப் போகும்போது அடையாள அட்டை, ஈ.பி.எஃப். இலக்கம், கொப்பிகளில் 2012க்குரியதும் கடைசியானதும், அந்த ஆங்கிலக் கடிதத்தின் படப்பிரதி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கடிதத்தின் மூலப் பிரதி உங்களிடம் இருந்தால் திருப்பிக் கொடுக்காதீர்கள்.